கோடை ஓவிய வகுப்பு: கேளுங்கள், சொல்கிறோம்

கத்திரி வெயில் தொடங்கும் முன்பே வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கமிருந்து ஓவிய வகுப்பு பற்றிய கேள்விகள் குவிந்துவிட்டன. சின்னப் பிள்ளைகளுக்கான வகுப்பு பற்றி முன்பே நிறைய எழுதியாகிவிட்டது. அதனால் இந்த இதழில் வளரிளம் பருவத்தினருக்கும் பெரியவர்களுக்கும் சொல்லித் தருவது பற்றிய கேள்விகள் மட்டும்.

காட்பாடி வாசகி: எங்கள் வீட்டு மாடி ஹால் காலியாக இருக்கிறது. மே மாதம் 13 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் பெரியவர்களுக்கும் சேர்த்தே வகுப்பு எடுக்கலாம் என்றிருக்கிறேன். எத்தனை நாள், எந்த நேரம், என்னென்ன சொல்லித் தரலாம்?

மாடி ஹால் என்றால் காலை மட்டும்தான். சாயங்காலம் ஐந்து மணிக்கு வெளியே காற்று கொஞ்சம் தணிந்தாலும், பகலெல்லாம் காய்ந்த கான்கிரீட் தளம் அப்போதுதான் சூட்டை உள்ளே இறக்கிக்கொண்டிருக்கும். உங்களுக்கு 6.45 முதல் 9 மணி வரை சரியாக இருக்கும். வேலைக்குப் போகிறவர்களும் 8.30க்கு எழுந்து போய்விடலாம். கடைசி அரைமணியில் புதிதாக எதையும் சொல்லித் தராமல் பார்த்துக்கொண்டால் போதும்.

ஆள் கணக்கு 12க்கு மேல் வேண்டாம். ஒருவருக்குத் தனியாக 5 நிமிடம் என்றாலே 12 பேருக்கு ஒரு மணி நேரம் போய்விடும். 20 பேரைச் சேர்த்தால் கரும்பலகையில் வரைந்து காட்டி “இதைப் பார்த்துப் போடுங்கள்” என்பதில்தான் போய் முடியும்.

பாடத்துக்கு வருவோம். பென்சில், வாட்டர் கலர், அக்ரிலிக், கிளாஸ் பெயின்டிங், மண்டலா என்று நோட்டீஸில் பத்து அயிட்டம் போட்டால் கூட்டம் சேரும். ஆனால் 12 நாளில் பத்தையும் தொட்டவருக்கு ஒன்றும் கைக்கு வராது. பென்சிலும் வாட்டர் கலரும் போதும். முதல் 4 நாள் கோடு மட்டும்: அளவெடுத்தல், பொருளைச் சுற்றியுள்ள வெற்றிடத்தை வரைதல், நீள்வட்டம். அடுத்த 3 நாள் நிழலும் வெளிச்சமும், பென்சிலிலேயே. 8ஆம் நாள் ஒரே நிறத்தில் வாட்டர் கலர், 9ஆம் நாள் இரண்டு நிறம், 10, 11ஆம் நாள்களில் நான்கு நிறம். கடைசி நாள் எந்தப் பொருளை வரைவது என்பதை அவரவரே முடிவு செய்யட்டும். நிழல் வெளிச்சத்துக்கு முன்னால் நிறத்துக்குப் போகவே கூடாது என்பது எங்கள் கட்சி. நிறம் தப்பானாலும் படம் நிற்கும். எது வெளுப்பு, எது கறுப்பு என்பது தப்பினால் எத்தனை நிறம் போட்டாலும் படம் தட்டையாகத்தான் இருக்கும்.

இரு வயதினரையும் சேர்த்து உட்கார வைக்கலாம். சிக்கல் வேகத்தில்தான் வரும். பதினைந்து வயதுப் பையன் பத்தே நிமிடத்தில் “முடிச்சிட்டேன் மிஸ்” என்பான். பக்கத்தில் இருக்கும் அம்மா அதே நேரத்தில் ஒரு கோட்டை ஆறு முறை அழித்திருப்பார். எல்லா வேலைக்கும் கடிகாரம் வையுங்கள்: 2 நிமிடம், 5 நிமிடம், 20 நிமிடம். முந்தி முடித்தவர்கள் அதே பொருளை வேறு பக்கம் உட்கார்ந்து மறுபடி வரையட்டும்.

சத்துவாச்சாரி வாசகர்: ஓவிய அறைக்கு வடக்கு ஜன்னல்தான் சிறந்தது என்று படித்தேன். என் அறையில் வடக்கு ஜன்னல் இருந்தும் காலையில் மேஜைமேல் வெயில் விழுகிறதே?

அந்த யோசனை ஐரோப்பா போன்ற வடகோடி நாடுகளுக்கு எழுதியது. அங்கே நடுப்பகல் சூரியன் எப்போதும் தெற்கில்தான் இருக்கும். வேலூர் ஏறக்குறைய 13 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரம் முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை சூரியன் நம் தலைக்கு நேர் மேலே இல்லாமல் சற்றே வடக்கில் சாய்ந்து போகிறது. மே மாதம் உதிப்பதும் நேர்கிழக்கில் இல்லை, சுமார் 20 டிகிரி வடக்கே தள்ளி. அதனால் கோடை வகுப்பில் காலையும் மாலையும் வடக்கு ஜன்னலில்தான் சாய்வெயில் நுழையும். நேர்வெயில் படாத, மாறாத வெளிச்சம் இந்த மாதங்களில் தெற்கு ஜன்னலில்தான் கிடைக்கும். ஸ்டில் லைஃப் (பொருள்களை அடுக்கி வைத்துப் பார்த்து வரைவது) மேஜையைத் தெற்கு ஜன்னலுக்கு மாற்றுங்கள். வகுப்பை டிசம்பரில் வைத்தால் பழையபடி வடக்குக்குத் திருப்புங்கள்.

தெற்கே ஜன்னலே இல்லை என்றால், வடக்கு ஜன்னலில் வெள்ளை வேட்டி ஒன்றை ஒற்றையாகக் கட்டித் தொங்கவிட்டால் போதும். நிற வேட்டியோ புடவையோ வேண்டாம், அறை முழுக்க அந்தச் சாயம் ஏறிவிடும்.

குடியாத்தம் வாசகி: வானத்துக்கு வாஷ் (தண்ணீராகக் கரைத்த வண்ணத்தைப் பரவலாகப் பூசுவது) போட்டால் பாதியிலேயே காய்ந்து கோடு கோடாக நிற்கிறது. மாணவர்கள் எல்லோருக்கும் இதே கதைதான். பேப்பர் சரியில்லையா?

பேப்பரும் ஒரு காரணம், காற்று இன்னொரு காரணம், கலக்கும் அளவு மூன்றாவது. மூன்றையும் சேர்த்துச் சரிசெய்தால்தான் தீரும்.

மே மாதம் நம் பக்கத்துக் காற்று வறண்டது, வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுகிறது, மேலே மின்விசிறி வேறு சுற்றுகிறது. ஒரு பட்டையை இழுத்துவிட்டுத் தூரிகையை மறுபடி வண்ணத்தில் தோய்ப்பதற்குள் அதன் கீழ் விளிம்பு காய்ந்துவிடுகிறது. காய்ந்த விளிம்பின்மேல் அடுத்த ஈரப்பட்டை ஏறும்போது அந்த இடம் இரட்டை அடர்த்தியாகிக் கோடாகத் தெரிகிறது.

முதலில் வண்ணத்தைப் போதுமான அளவு கலந்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஏ4 அளவுத் தாளின் மேல்பாதி வானத்துக்கு மூன்று தேக்கரண்டி கலவை வேண்டும். பெரும்பாலோர் ஒரு கரண்டிகூடக் கலப்பதில்லை. பாதியில் தீர்ந்து, மறுபடி கலக்கும் அரைநிமிடத்தில் காரியம் கெட்டுப்போகிறது. கலவை காய்ந்தபின் வெளுக்கும் என்பதால், துண்டுத் தாளில் தொட்டுப் பார்த்து, வேண்டியதைவிட ஒரு பங்கு கூடுதல் அடர்த்தியாகவே வைத்துக்கொள்ள வேண்டும்.

பிறகு தாளை ஈரப்படுத்துவது. 300 ஜிஎஸ்எம் கனமுள்ள தாளின் பின்பக்கத்தை 1 அங்குலத் தட்டைத் தூரிகையால் நன்றாக நனைத்து, தரைக்குப் போடும் வழவழப்பான டைல்ஸ் ஒன்றின்மேல் ஒட்டினாற்போல் படுக்க வையுங்கள். அடியிலிருந்து ஈரம் ஏறிக்கொண்டே இருப்பதால் மேற்பரப்பு கால்மணி நேரமாவது தாங்கும். பிறகு முன்பக்கத்தையும் நனைத்து, பளபளப்பு அடங்கி வெல்வெட் போல மங்கும் வரை காத்திருந்து வாஷ் போட வேண்டும். தண்ணீர் தேங்கி மின்னும்போதே போட்டால் வண்ணம் கட்டுக்கடங்காமல் ஓடும். டைல்ஸின் மேல் விளிம்புக்கு அடியில் 2 அங்குல உயரத்துக்குப் புத்தகம் வைத்துச் சாய்த்தால், ஒவ்வொரு பட்டையின் அடியிலும் ஒரு மணிச்சரம் போல வண்ணநீர் தேங்கும். அடுத்த பட்டை அந்தத் தேக்கத்தைத் தொட்டபடி இழுக்கப்பட வேண்டும். மேலே திரும்பிப் போய்ச் சரிசெய்யவே கூடாது. பாதி காய்ந்த இடத்தில் புதிதாக நீர் விழுந்தால் அது வண்ணத்தைத் தள்ளிக்கொண்டு போய்ச் சொரசொரப்பான விளிம்போடு திட்டாக நிற்கும். காய்ந்தபின் அதை எடுப்பது கடினம்.

மின்விசிறியை வாஷ் போடும் ஐந்து நிமிடம் மட்டும் எல்லோரும் சேர்ந்து நிறுத்துங்கள். மீதி நேரம் ஓடட்டும். மயங்கி விழுந்தபிறகு வாஷ் எதற்கு?

மருந்துக்கடையில் கிடைக்கும் கிளிசரின் அரை டம்ளர் தண்ணீருக்கு நாலைந்து சொட்டு விட்டால் காய்வது தாமதமாகும். பத்துச் சொட்டு, இருபது சொட்டு என்று போனால் படம் மறுநாளும் பிசுபிசுத்து, மேலே வைத்த தாளோடு ஒட்டிக்கொள்ளும்.

இரண்டு விஷயம் பலர் கவனிப்பதில்லை. ஒன்று, வியர்வை. உள்ளங்கை பட்ட இடத்தில் எண்ணெய்ப் பசை ஏறி, வாஷ் அங்கே மட்டும் பிடிக்காமல் விலகும். கைக்கு அடியில் எப்போதும் ஒரு துண்டுத் தாள் இருக்கட்டும். இன்னொன்று, போர் தண்ணீர். உப்பு அதிகமுள்ள நீர் காய்ந்த இடத்தில், குறிப்பாக அடர்நிறத்தின் மேல், வெள்ளைப் பூத்தாற்போல் படியும். தூரிகை கழுவ எந்தத் தண்ணீரானாலும் சரி. வண்ணம் கலக்க மட்டும் கேன் தண்ணீர் வையுங்கள்.

பேப்பர் பற்றிக் கேட்டீர்கள். சார்ட் பேப்பரும் மெல்லிய ஓவியத்தாளும் வாஷுக்கு ஆகாது. ஈரம் பட்டதும் நெளிந்து, பள்ளத்தில் வண்ணம் தேங்கும். அவற்றைப் பென்சிலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ராணிப்பேட்டை வாசகர்: பெரியவர்கள் வகுப்புக்கு வந்ததும் முதல் வார்த்தையே “எனக்குக் கை வராது சார்” என்பதுதான். ரப்பரை விடவே மாட்டேன் என்கிறார்கள். எப்படிச் சமாளிப்பது?

“நல்லா வருது, நல்லா வருது” என்று தட்டிக்கொடுப்பதால் ஒன்றும் ஆகாது. நாற்பது வயதுக்காரருக்கு அது பொய்யென்று தெரியும். அவருக்குக் கையில் குறையில்லை. கண் பார்த்ததை விட்டுவிட்டு, மனதில் இருக்கும் அடையாளத்தை வரைகிறார். முகம் வரையச் சொன்னால் கண்ணை நெற்றிக்குப் பக்கத்தில் ஏற்றி வைப்பார். உச்சந்தலை முதல் தாடை வரை அளந்தால் கண் பாதியில் இருக்கிறது. அதைச் சொல்வதைவிட, பக்கத்தில் இருப்பவரின் தலையை பென்சிலால் அளக்க வைத்துக் காட்டுங்கள். அளவு பொய் சொல்லாது என்று தெரிந்ததும் பாதி பயம் போய்விடும்.

அளவெடுப்பதைச் சரியாகச் சொல்லிக்கொடுங்கள். கையை முழுக்க நீட்டி, முழங்கையை மடக்காமல், ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பென்சில் நுனியை பொருளின் மேல் விளிம்பில் வைத்துக் கட்டைவிரலால் கீழ் விளிம்பைக் குறிக்க வேண்டும். அகலத்தை அதே தூரத்தில் பென்சிலைப் படுக்க வைத்து எடுக்க வேண்டும். முதல் அளவுக்கு நீட்டிய கையை இரண்டாவது அளவுக்கு அறியாமலே மடக்கிவிடுவதுதான் தப்பு நடக்கும் இடம். மற்றொரு தப்பு, பென்சிலில் எடுத்த நீளத்தை அப்படியே தாளில் வைப்பது. எடுக்க வேண்டியது “அகலத்தைப்போல உயரம் ஒன்றரை மடங்கு” என்ற விகிதம் மட்டுமே.

முதல் நாளில் ஒரு நாற்காலியை நடுவில் போட்டு, நாற்காலியை வரையாமல் கால்களுக்கும் கைப்பிடிக்கும் இடையிலுள்ள ஓட்டைகளின் வடிவத்தை மட்டும் வரையச் சொல்லுங்கள். ஓட்டைக்கு மனதில் அடையாளம் கிடையாது, அதனால் பார்த்துத்தான் தீர வேண்டும். இருபது நிமிடத்தில் நாற்காலி தானே வந்து நிற்கும். அதுவரை ரப்பர்கள் உங்கள் மேஜையில் இருக்கட்டும்.

திருத்தும்போது அவர்கள் தாளில் கை வைக்காதீர்கள். உங்கள் கோடு ஒன்று விழுந்தால் அது உங்கள் படமாகிவிடும். பெரியவர்கள் அதை வீட்டில் காட்டவும் கூசுவார்கள். மேலே ஒரு டிரேசிங் ஷீட் வைத்து அதில் காட்டுங்கள், பிறகு எடுத்துவிடுங்கள்.

ஆம்பூர் வாசகி: என் வகுப்பில் 16 வயதுப் பையன். செல்போன் திரையில் தாளை வைத்து அனிமே (ஜப்பானிய கார்ட்டூன்) முகங்களை அச்சாகப் படியெடுக்கிறான். நேரில் இருப்பதை வரையச் சொன்னால் ஆர்வமே இல்லை.

அனிமேவைக் குறை சொல்லாதீர்கள், அன்றோடு வகுப்புக்கு வருவதை நிறுத்திவிடுவான். அவன் வரையும் பாத்திரம் கையை எப்படி வைத்திருக்கிறதோ, அதே நிலையில் அவனுடைய இடது கையை வைத்துப் பார்த்து வரையச் சொல்லுங்கள். விரல்கள் நம்மை நோக்கி நீளும்போது குட்டையாகத் தெரிவது, கட்டைவிரல் எங்கிருந்து கிளம்புகிறது என்பதெல்லாம் அங்கே உதைக்கும். படியெடுத்ததில் அது தெரியாது, ஏனென்றால் அந்தச் சிக்கலை வேறொருவர் அவனுக்காகத் தீர்த்து வைத்திருக்கிறார். மூன்று கை வரைந்தபிறகு அவனே கேள்வி கேட்பான்.

நேட்டா நுழைவுத் தேர்வு எழுதிக் கட்டடக்கலைக்கோ, சென்னை அரசு கவின் கலைக் கல்லூரிக்கோ (1850இல் தொடங்கியது) போகும் எண்ணம் அவனுக்கு இருந்தால், படியெடுத்துப் பழகிய கை அங்கே உதவாது என்பதையும் பெற்றோரிடம் சொல்லி வையுங்கள்.

ஆற்காடு வாசகர்: 12 பேருக்குப் பொருள் வாங்கக் கணக்குச் சொல்லுங்கள்.

வாட்டர் கலர் தாள் 300 ஜிஎஸ்எம், 22க்கு 30 அங்குல முழுத்தாளாக வாங்குங்கள். எட்டாக வெட்டினால் ஒவ்வொன்றும் 7.5க்கு 11 அங்குலம். ஆளுக்கு 6 படம் என்றால் 72 துண்டு, அதாவது 9 முழுத்தாள். கெட்டுப்போவதற்கு ஒன்று சேர்த்து 10. பேடாக வாங்கினால் விலை கூடும். பென்சில் வேலைக்கு ஏ3 கார்ட்ரிட்ஜ் ஷீட் ஆளுக்கு 20.

வண்ணம் நான்கே டியூப்: மஞ்சள், கிரிம்சன், அல்ட்ராமரைன், பர்ன்ட் சியன்னா. ஆளுக்கு ஒரு செட், 5 மில்லி டியூப் போதும். அல்ட்ராமரைன் மட்டும் சீக்கிரம் தீரும், நாலைந்து உபரியாக இருக்கட்டும். 12 நிற வில்லைப் பெட்டி வேண்டாம். கலக்கக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பையே அது பறிக்கிறது. கறுப்பு வேண்டியதே இல்லை. அல்ட்ராமரைனும் சியன்னாவும் சரிபாதி சேர்ந்தால் ஆழமான கறுப்பு வரும், அதிலேயே கொஞ்சம் தண்ணீர் விட்டால் நம் பாறைக் குன்றுகளின் சாம்பல்.

தூரிகை ஆளுக்கு மூன்று: 4ஆம் எண், 10ஆம் எண் உருண்டை, 1 அங்குலத் தட்டை. பென்சில் எச்பி, 2பி, 4பி, 6பி. பேலட்டுக்கு வெள்ளைப் பீங்கான் தட்டு. எவர்சில்வர் தட்டில் நிறம் கணிக்க முடியாது. துடைக்கப் பழைய பருத்தித் துணி, பாலியஸ்டர் ஈரம் உறிஞ்சாது. டம்ளர் ஆளுக்கு இரண்டு, ஒன்று கழுவ, ஒன்று கலக்க.

மாஸ்கிங் டேப்பை எல்லோரும் குறைத்துக் கணக்குப் போடுகிறார்கள். ஒரு துண்டைச் சுற்றி ஒட்ட 94 செ.மீ. வேண்டும். 72 துண்டுக்கு 68 மீட்டர், 20 மீட்டர் உருளை என்றால் நான்கு. படம் காய்ந்த அன்றே டேப்பை எடுத்துவிட வேண்டும். வெயிலில் இரண்டு நாள் விட்டால் பசை இளகித் தாளில் ஏறிவிடும், உரிக்கும்போது மேல்தோலும் வரும். படத்துக்கு வெளிப்பக்கமாகச் சாய்த்து, மெதுவாக உரிக்கவும்.

வாலாஜாபேட்டை வாசகி: அக்ரிலிக் தட்டிலேயே காய்ந்து வீணாகிறதே?

மூடியுள்ள தட்டையான டப்பாவில் நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியை நான்காக மடித்துப் பரப்பி, அதன்மேல் பட்டர் பேப்பரை ஒட்டவைத்து, வண்ணத்தை அதில் எடுங்கள். மூடி வைத்தால் மறுநாளும் ஈரமாக இருக்கும். தூரிகையை மட்டும் ஒரு நிமிடம்கூட வெளியே வைக்காதீர்கள். அக்ரிலிக் காய்ந்த தூரிகை குச்சிதான்.

வாணியம்பாடி வாசகர்: ஸ்டில் லைஃபுக்கு ஆப்பிள், ஒயின் பாட்டில்தான் வைக்க வேண்டுமா?

யார் சொன்னது? நம் பக்கம் விளையும் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் இருக்கிறதே, 2023இல் புவிசார் குறியீடு வாங்கியது. ஓவிய வகுப்புக்கென்றே விளைந்தது எனலாம்: வழவழப்பான ஊதா உடம்பு, முள்ளுள்ள பச்சைக் காம்பு, ஒரே காயில் இரண்டு விதப் பரப்பு. பளபளக்கும் புள்ளியைத் தாளின் வெள்ளையாகவே விட்டுவிட்டு, கிரிம்சனும் அல்ட்ராமரைனும் கலந்து முதல் பூச்சு. காய்ந்தபின் நிழல் பக்கம் மட்டும் சியன்னா சேர்த்து இரண்டாவது. அடி விளிம்பில் விரிப்பிலிருந்து எகிறும் வெளிச்சம் ஒரு மெல்லிய கீற்றாகத் தெரியும், அதை மூடிவிட்டால் காய் தட்டையாகிவிடும். முள் நான்கு ஐந்து போதும். ஒரே நாளில் முடித்துவிடுங்கள். மறுநாள் காம்பு வாடி நிறம் மாறிவிடும். அன்று மத்தியானமே குழம்புக்குப் போகட்டும்.

பக்கத்தில் பித்தளைச் சொம்பு. வாயும் அடியும் நீள்வட்டம். பெரும்பாலோர் வாயை முனை கூரான இலைபோல வரைந்துவிட்டு, அடியை நேர்கோடாக இழுப்பார்கள். நீள்வட்டத்துக்கு முனை கிடையாது. கண்மட்டத்துக்குக் கீழே போகப் போக வட்டம் விரியும், ஆகவே அடியின் வளைவு வாயின் வளைவைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும்.

வேலூர் வாசகி: மாணவர்களைக் கோட்டைக்கு அழைத்துப் போகலாமா?

தாராளமாக. மே மாதம் 5.45 வாக்கில் விடிகிறது, 6.15க்கு அங்கே இருந்தால் 8 மணிக்குள் திரும்பிவிடலாம். அந்த நேரத்தில் மதிலின் கிழக்கு முகத்தில் வெயில், தெற்கு முகத்தில் நிழல். இரண்டும் ஒரே பார்வையில் விழும் மூலையில் உட்கார வையுங்கள். நடுப்பகல் வெயில் உச்சியிலிருந்து விழுவதால் எல்லாமே ஒரே வெளுப்பாகத் தெரியும்.

கல் கல்லாக வரைய ஆரம்பிப்பார்கள், நிறுத்துங்கள். மதில் மொத்தமும் ஒரு வடிவம், அகழி நீர் ஒரு வடிவம், நிழல் விழும் எல்லைக்கோடு ஒன்று. அதன்பிறகு அந்த எல்லைக்கோட்டின் அருகே ஆறேழு கல். மீதியைப் பார்ப்பவர் கண்ணே நிரப்பிக்கொள்ளும். ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்துக்குப் போனால் ஒரே தூண், அதிலும் யாளியின் தலை மட்டும். கோயிலுக்குள் உட்கார்ந்து வரைய முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதால் ஈசல் எனும் ஓவியத் தாங்கி, ஸ்டாண்டு தூக்கிப் போவதைத் தவிருங்கள். மடியில் வைக்கும் ஏ5 நோட்டு, 4பி பென்சில், ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், தொப்பி. வெயிலில் நோட்டை விரித்து வரைந்தால் வெள்ளைத் தாள் கண்ணைக் கூசவைத்து, நிழலை அளவுக்குமேல் கறுப்பாகப் போட வைக்கும். தாள்மேல் சொந்த நிழலாவது விழும்படி உட்கார வேண்டும்.

திருப்பத்தூர் வாசகர்: ஆயில் பெயின்டிங் எடுக்கலாமா?

12 நாள் வகுப்புக்கு வேண்டாம். காய நாள் கணக்காகும்; மூடிய அறையில் டர்பன்டைன் வாடை வெயிலோடு சேர்ந்தால் தலைவலி. ஏற்கெனவே எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஆளி விதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அது காயும்போது தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். தண்ணீர் ஊற்றிய தகர டப்பாவில் போட்டு மூடுங்கள்.

ஆரணி வாசகி: “ஸ்கின் கலர்” எப்படிக் கலப்பது? மாணவிகள் வரையும் முகமெல்லாம் வெளுத்துப்போய் இருக்கிறது.

கிரேயான் பெட்டியில் அந்தப் பெயரோடு வந்த வெளிர் ரோஜா நிறம் செய்த வேலை. இந்த ஊரில் அந்த நிறத்தில் யார் இருக்கிறார்கள்? பர்ன்ட் சியன்னாவைத் தண்ணீராகக் கரைத்து அடிப்பூச்சு. மாநிறத்துக்குக் கொஞ்சம் மஞ்சள். காது, மூக்கு நுனி, விரல் நுனியில் கிரிம்சன் ஒரு தொடுகை. நிழலுக்கு அதே கலவையில் அல்ட்ராமரைன். கறுப்பு சேர்த்தால் முகத்தில் கரி பூசியது போலாகும். கறுத்த தோலில் நெற்றியிலும் கன்னமேட்டிலும் விழும் மினுப்பு, ஜன்னல் வெளிச்சத்தில் இலேசான நீலமாகத் தெரியும். அந்த இடத்தைக் காலியாக விட்டு, கடைசியில் மிக மெல்லிய நீலம் ஓட்டுங்கள்.

பேரணாம்பட்டு வாசகர்: கடைசி நாளில் படங்களை பிரேம் போட்டுக் கொடுக்க ஆசை. கவனிக்க வேண்டியது என்ன?

வாட்டர் கலர் கண்ணாடியைத் தொடக்கூடாது. வியர்க்கும் மழைக்காலத்தில் ஒட்டிக்கொண்டால் பிரிக்க முடியாது. இடையில், படத்தைச் சுற்றி 2 அங்குல அகலத்துக்கு மவுன்ட் போர்டு அட்டை வைக்கச் சொல்லுங்கள், அதன் கனமே போதிய இடைவெளி. பின்பக்கம் ஒட்டுவதற்கு செல்லோடேப் வேண்டாம், மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கும். வெயில் நேராக விழும் சுவரில் மாட்ட வேண்டாம் என்று எடுத்துப் போகும் ஒவ்வொருவரிடமும் சொல்லி அனுப்புங்கள். மாணவர்களுக்கான டியூப்களில் கிரிம்சன்தான் முதலில் வெளுக்கும், கத்தரிக்காய் நீலமாகிவிடும்.